சட்டைப் பையில் முப்பத்தேழு டிகிரி

இது நடந்தது. நள்ளிரவில் அல்ல; மாலை நான்கு மணிக்கு. கொலுசுச் சத்தம் கிடையாது, மல்லிகை வாசம் கிடையாது. நம்பாதவர்கள் பதிவேட்டைப் பார்க்கலாம். அதை யாராலும் அழிக்க முடியாது. ஜெகதீசனாலும் முடியவில்லை.

கீழ் கோத்தகிரிச் சரிவில் ஒரு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. மண் சரியாமல் இருக்க நீளமாகத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். அங்கே ஜெகதீசனுக்கு ஒரே வேலை. கான்கிரீட் கொட்டியதும் இறுகுவதற்குள் அதில் ஒரு சென்சாரைப் புதைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது உள்சூட்டையும், தான் இருக்கும் இடத்தையும் அனுப்பும். எல்லாம் பிளாக்செயின் பதிவேட்டில் ஏறும். சிமென்ட் கொடுத்தவர், கான்ட்ராக்டர், முதலாளி என எல்லோரிடமும் ஒரே நகல்; ஒருவர் திருத்தினால் மற்ற நகல்கள் காட்டிக்கொடுத்துவிடும். போதிய சூடு சில நாள் தொடர்ந்து இருந்தால்தான் கான்கிரீட் இறுகும்; அதன் பிறகே தாங்கி நிற்கும் பலகைகளைப் பிரிக்கலாம்.

ஜூலைக் குளிரில் சூடு ஏறவில்லை. இன்ஜினியர் அவசரப்படுத்தினார். ஜெகதீசன் அந்தச் சுவருக்கான பதினான்காம் எண் சென்சாரைப் புதைக்கவே இல்லை. அடுப்போரம் வைத்தால் சூடு ஏறி இறங்கும்; மாட்டிக்கொள்வான். மனித உடம்பு அப்படியல்ல. சுவருக்கடியில் கொட்டகை போட்டிருந்த வாட்ச்மேன் இசக்கிமுத்துவிடம் கொடுத்து, ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னான். சூடாகவே இருக்கட்டும் என்றான்; எதற்கென்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தினமும் காலையில் நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்.

"சூடு போதுங்களா தம்பி?"

நான்கு நாள். முப்பத்தேழு டிகிரி. பலகைகளைப் பிரித்தார்கள். ஐந்தாம் நாள் பாதிச் சுவர் கொட்டகை மேல் விழுந்தது. இசக்கிமுத்து உள்ளே இருந்தார்.

மழைதான் காரணம் என்றார்கள். ஜெகதீசனும் மழை என்றான். மீதிப் பாதி நின்றது. அதற்குக் கீழே பன்னிரண்டு தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் லயன் வீடுகள். இசக்கிமுத்துவின் மனைவி தெய்வம்மாவும் அங்கேதான். நிற்கிற பாதியும் அதே வேகாத கான்கிரீட் என்று அவனுக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள், மாலை 3.40. மூடுபனி. தகர ஆபீசுக்குள் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தான். செல்போன் ஒலித்தது.

எண் 14. 37 டிகிரி.

கோளாறு என்று நினைத்தான். சுவர் விழுந்த நாளிலிருந்து 14 பேசவே இல்லை.

3.50. 37 டிகிரி. இடம்: கொட்டகை இருந்த மண்மேடு.

4.00. 37 டிகிரி. இடம்: லயன்.

4.10. 37 டிகிரி. இடம்: ஆபீஸ்.

வெளியே... சளக். சளக். ரப்பர் பூட்ஸ்.

படியில் நின்றது.

"சூடு போதுங்களா தம்பி?"

கதவைத் திறந்தான். பனி. யாரும் இல்லை. படியில் ஈர சிமென்ட்டில் பூட்ஸ் தடம்.

வந்த தடம் மட்டும்.

ஓடினான். லயனில் கதவு கதவாகத் தட்டினான். சுவர் நிற்காது, எல்லோரும் வெளியே வாருங்கள் என்றான். தெய்வம்மா வாசலில் நின்று பார்த்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப மழை இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா. நான்தான்."

அவர் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

5.25. மீதிச் சுவர் லயன் மேல் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்காக அவனை நல்லவன் என்று நினைக்க வேண்டாம். பதினொரு நாள் சும்மா இருந்தவன்.

அன்று இரவே தெய்வம்மாவிடம் கேட்டான். அந்தச் சின்னப் பெட்டி எங்கே?

"நீங்க குடுத்ததுன்னு பத்திரமா வெச்சிருந்தாருங்க. அந்தச் சட்டையோடவே எரிச்சுட்டோமுங்க."

வேலையை விட்டான். போனை மாற்றினான். இப்போது அருவங்காட்டில் ஒரு சின்ன அறையில் தனியாக இருக்கிறான்.

பதிவேடு நிற்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எல்லோருடைய நகலிலும் ஏறுகிறது.

எண் 14. 37 டிகிரி.

இடம்: அருவங்காடு.