குமுளியிலிருந்து பாலக்காட்டுக்கு ஒரு டெலூரியப் படிகம்

இவ்வாண்டு பிப்ரவரி 11, புதன்கிழமை, நான் குமுளி சென்றது தேக்கடியைப் பார்க்க அல்ல. என் அண்ணன் மகள் மைதிலி அங்கே ஒரு கல்லூரியில் டெலூரியத்தின் அணைவுச் சேர்மங்களை ஆராய்கிறாள். அவள் வளர்த்த படிகத்தை, வெள்ளி காலை ஒன்பது மணிக்குப் பாலக்காட்டில் ஓர் ஆய்வகத்தின் எக்ஸ்-கதிர்க் கருவி முன் சேர்ப்பிக்க வேண்டும். முந்தைய இரு முறை வளர்ந்தவை பொடியாகிவிட்டன, மூலப்பொருளும் தீர்ந்துவிட்டது. இது போனால் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் போகும்.

அவளே கொண்டுவரலாமே என்று கேட்டேன்.

"பஸ்ல பக்கத்துல இருக்கறவா எழுந்து போயிடறா, சித்தப்பா," என்று சிரித்தாள். டெலூரியம் துளியளவு உடலில் சேர்ந்தாலும் மூச்சில் பூண்டு வாசனை வாரக்கணக்கில் நிற்கும். பாலக்காட்டில், கல்பாத்தி அக்ரகாரத்தில் எங்கள் வீட்டுக்குள் பூண்டே நுழைவதில்லை. இந்த வாசனையோடு தன் அம்மா முன் நிற்கக் கூசி, அவள் தீபாவளிக்கும் ஊருக்கு வரவில்லை.

நான் வேதியியல் ஆய்வகத்தில் பணியில் இருந்த காலத்தில் படிகத்தை வடிதாளில் உலர்த்தித்தான் எடுத்துச் செல்வோம். அதற்குக் கை நீட்டியதும் தடுத்தாள். "துடைக்கப்படாது, கேட்டேளா? உள்ள இருக்கற தண்ணி போச்சுன்னா எல்லாம் பொடியாயிடும்." ஆகவே படிகம், வளர்ந்த கரைசலோடு ஒரு சிறு குப்பியில், குப்பி, குளிர்ந்த நீர் நிரப்பிய ஃபிளாஸ்கில், ஃபிளாஸ்க் என் மடியில். உடைந்த துணுக்குகளை இன்னொரு குப்பியில் தந்தாள்.

வியாழன் காலை 6.10க்குக் குமுளியில் பேருந்து. 22 கிலோமீட்டர் மலையிறங்கிக் கம்பம். அங்கிருந்து தேனி, பழநி வழியாகக் கோவை செல்லும் பேருந்து. (வலப்பக்க இருக்கைகளில் வெயில் விழும், இடப்பக்கம் அமர்க.) பழநியில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். ஃபிளாஸ்கைத் திறந்தேன். நீர் வெதுவெதுப்பாகியிருந்தது. மஞ்சள் படிகத்தின் கூர்விளிம்புகள் மழுங்கத் தொடங்கியிருந்தன. சூட்டில் அது கரைந்துகொண்டிருந்தது. ஐஸ் வாங்கி வைக்கலாமென்றால், திடீர்க் குளிரில் புதுத் துகள்கள் விழுந்து நல்ல படிகத்தின்மேல் அப்பிக்கொள்ளும்.

மைதிலியைத் தொலைபேசியில் அழைத்தேன். துணுக்குகளைக் கரைசலில் போட்டால், அது அவற்றைக் கரைத்துத் தன் பசி தீர்ந்து நல்லதை விட்டுவிடும் என்றேன்.

"துணுக்கு நல்லதுலயே ஒட்டிண்டா?"

"போடாவிட்டால் நல்லதே இருக்காதே."

"தூள் வேண்டாம். பெரிய துண்டாப் பார்த்துப் போடுங்கோ. எனக்கு ஒண்ணும் சொல்லாதேங்கோ, பாலக்காடு போய்ச் சொன்னாப் போறும்."

கையுறையும் இடுக்கியும் என் பையில் எப்போதும் உண்டு. இரண்டு துண்டுகளைப் போட்டேன்.

பொள்ளாச்சியில் மாறி, கோவிந்தாபுரம், முதலமடை வழியாகப் பாலக்காடு செல்லும் பேருந்தில் ஏறினேன். பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்காரர்.

"ஏனுங்க, மடியில என்னங்க? கொழந்தையாட்டம் புடிச்சிருக்கறீங்க?"

"ஒரு வகை உப்பு, ஐயா. வெயில் படக்கூடாது."

"உப்புக்கா இத்தனை சீராட்டு! எங்க ஊட்டு மாம்பழத்துக்கே நாங்க இப்படிச் செய்யறதில்லீங்க." சொல்லிக்கொண்டே எழுந்து, வெயில் படாத தம் இடத்தை எனக்குத் தந்தார்.

மாலை 4.10க்குப் பாலக்காடு. மொத்தம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். மூன்று பேருந்துகளுக்கும் 295 ரூபாய். வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். துண்டுகள் பாதி கரைந்து ஒதுங்கிக் கிடந்தன. படிகம் சற்றே சிறுத்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

வெள்ளி காலை ஒன்பதுக்கு ஆய்வகத்தில் ஒப்படைத்தேன்; சனிக்கிழமை படிக அமைப்பு கிடைத்தது. ஒவ்வொரு டெலூரிய அணுவையும் நான்கு கந்தக அணுக்கள் சதுரமாகச் சூழ்ந்திருந்தன. அடுத்தடுத்த சதுரங்களை ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்து நின்றது, நான் துடைக்க முனைந்த அந்த நீர்தான். செய்தி சொன்னதும் மைதிலி அழுதாள்; வாசனை போனபின் ஊருக்கு வருவதாகச் சொன்னாள். என் அருகிலிருந்த மன்னி, அவளுடைய அம்மா, தொலைபேசியைப் பிடுங்கினாள்: "பூண்டு நாத்தத்தோடயே வா. நாங்க மூக்கைப் பொத்திக்கறோம்."

இவ்வழியில் செல்வோர் மதிய உணவைக் கையோடு கொண்டுசெல்வது நலம். பொள்ளாச்சியில் மாற நேரம் குறைவு. இன்னொன்று: மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை, இதே பேருந்துகளில் பயணம் செய்வோர் பக்கத்து இருக்கையில் பூண்டு வாசனை வந்தால், தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்.