மெக்கானிக் முத்துவின் முறை

அந்தப் பகடைகளில் ரப்பர் கையுறை வாடை அடிக்கும். சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் நாள் முழுக்கக் கையுறைக்குள் கிடக்கும் அம்மாவின் விரல்களை எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்தக் கையுறை மாவின் வாடை போகாது. சனிக்கிழமை பிற்பகல்களில் அவர் பகடைகளை உள்ளங்கைக்குள் குலுக்கிக்கொண்டே கதையை இழுத்துக்கொண்டு போவார், உருட்டச் சொல்லி எங்களிடம் கொடுக்கும்போது அவை வெதுவெதுப்பாக இருக்கும். தம்பி மார்ட்டின் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் உருட்டுவான். அப்படிச் செய்தால் பெரிய எண் விழும் என்பது அவன் நம்பிக்கை.

சிங்கப்பூருக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜொகூரின் மாசாயில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் தாமான் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அம்மா விடியுமுன்பே எழுந்து தொழிற்சாலை பஸ் ஏறிப் பாலம் கடந்து போய், நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு திரும்புவார். வாரத்தில் ஆறு நாள் அவரை அரைத் தூக்கத்தில்தான் பார்ப்போம், சனிக்கிழமை ஒன்றுதான் அவருக்கு விடுமுறை என்பதால், அன்று மதியம் எங்கள் வீட்டில் யாரும் எங்கும் போவதில்லை. விருந்தாளிகூட வரக் கூடாது என்று மார்ட்டின் கதவைச் சாத்திவிடுவான்.

அந்தப் பகடைகள் வந்த பெட்டி, அம்மாவோடு வேலை செய்து வீடு மாற்றிக்கொண்டு போன கூட்டாளி ஒருத்தி குப்பைக்குப் போட வைத்திருந்தது. மூடியில் வெள்ளி நிற ராக்கெட்டும், அதைச் சுற்றி வளைத்த ஊதா நிற விலங்கும், கதிர்த் துப்பாக்கியோடு பாய்கிற ஒரு வீரனும் இருந்தார்கள். உள்ளே ஆங்கிலத்தில் பொடி எழுத்துப் புத்தகம், வரைபடங்கள், பல முகம் கொண்ட பகடைகள். உயர்நிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய அம்மா, பாலத்து நெரிசலில் நிற்கும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து முடித்தார். ஒருவர் கதையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். விளையாட்டு அவ்வளவுதான். அதற்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்களுக்கு அது "ராக்கெட்".

நான் கேப்டன். மார்ட்டின் பேசும் இயந்திர மனிதன். அப்பா, கப்பலில் எதையும் பழுதுபார்க்கத் தெரிந்த, ஆனால் எதற்கும் பயப்படுகிற மெக்கானிக் முத்து. கிரகத்தில் இறங்கியதுமே, "வந்த வழியே போயிடலாம் லா, நமக்கு எதுக்கு வம்பு" என்பார். ஒன்பது கண் அரக்கன் அவரை விட்டுவிட்டு அவர் தொப்பியை மட்டும் விழுங்கினால், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று நெஞ்சைத் தடவிக்கொள்வார். எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அம்மாவின் கதையில் ஒவ்வொரு கிரகத்து வாசலிலும் பச்சைத் தோல்காரர்கள் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்து, "பாஸ்போர்ட் மானா?" என்று, பாஸ்போர்ட் எங்கே என்பதை மலாயில் கேட்பார்கள். தினமும் இரண்டு முறை வரிசையில் நின்று கடப்பிதழை நீட்டுகிறவருக்கு அந்தக் குரல் இயல்பாகவே வந்தது.

வீட்டில் அம்மா அப்பாவை "என்னங்க" என்றுதான் கூப்பிடுவார். விளையாட்டில் மட்டும், "டேய் முத்து, உன் முறைடா" என்பார். ஒவ்வொரு முறையும் அப்பாவின் காது சிவக்கும். அதைக் கேட்பதற்காகவே அவர் விளையாட வந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லை மூடப்போகிறது என்று செய்தி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, மார்ட்டினுக்கு ஒன்பது. நோய் பரவுகிறது, இன்றைக்குள் அந்தப் பக்கம் போகிறவர்கள் போகலாம், போகாதவர்களுக்கு வேலை இருக்குமோ இருக்காதோ தெரியாது என்று அம்மாவின் கைப்பேசியில் குரல்பதிவு குரல்பதிவாக வந்தது. அப்பா ஒரு பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டே, "ரெண்டு வாரம்தானே மேரி, போயிட்டு வா" என்றார். விளையாட்டு விதிப் புத்தகத்தை அம்மா எடுத்துக்கொண்டார். பகடைகளை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். முந்தைய சனிக்கிழமை எங்கள் கப்பலை ஒரு விண்மீன் விலங்கு விழுங்கியிருந்தது, மார்ட்டின் வாசல்வரை ஓடி, "அதோட வயித்துல இருந்து எப்படிமா வெளிய வர்றது?" என்று கத்தினான். "யோசிச்சு வைடா, நான் வந்து கேக்குறேன்" என்று பஸ் படியில் நின்று சொன்னார்.

இரண்டு வாரம் மாதங்களானது. ஜொகூர் கரையில் நின்றால் அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் துணி காய்வதுகூடத் தெரியும். அவ்வளவு கிட்டத்தில் இருந்த அம்மா, கூட்டாளிகள் மூவரோடு ஒரே அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை பிற்பகல்களில் மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசி வழியாக "ராக்கெட்" நடத்தினார். நாங்கள் கைப்பேசியை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து, அவர் பார்க்கும்படி உருட்டுவோம். இணைப்பு திக்கும், அரக்கன் வாயைத் திறந்த இடத்தில் அம்மாவின் முகம் உறைந்து நிற்கும், நாங்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருப்போம். மார்ட்டினுக்குச் சிறிய எண் விழுந்தால் அப்பா சுண்டு விரலால் பகடையைப் புரட்டிவிடுவார். "என்னங்க, நான் பார்த்துட்டேன்" என்று பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

அந்த மாதங்களில்தான் அம்மாவின் கதைகள் மிக நன்றாக இருந்தன. விலங்கின் வயிற்றிலிருந்து தப்பிய எங்கள் கப்பலுக்கு இப்போது ஒரே இலக்குத்தான்: வீடு. ஒவ்வொரு வாரமும் பூமி ஒரு புள்ளியாகக் கண்ணாடியில் தெரியும், ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று குறுக்கே வரும். இதில் நான் கவனித்த மாற்றம் முத்துவினுடையது. வம்பே வேண்டாம் என்றவர், எரிகற்கள் மோதி இயந்திரம் நின்றால், யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் வெளிய போய் சரி பண்றேன்" என்று சொல்லத் தொடங்கினார். கயிறு கட்டாமல், காற்று தீரப்போகிற உடுப்போடு, அவர்தான் எப்போதும் வெளியே போனார். "பயமா இல்லையா முத்து?" என்று அம்மா கேட்டார். "கப்பல் வீட்டுக்குப் போகணும் இல்ல" என்று அப்பா சொன்னார். இணைப்பு நின்றுவிட்டது என்று நினைத்துத் தம்பி கைப்பேசியைத் தட்டினான்.

பள்ளிகள் மூடியிருந்ததால் ஓடாமல் கிடந்த வேனை அப்பா வாரம் தவறாமல் கழுவுவார். எல்லை மூடி ஓராண்டு தாண்டியிருந்த ஒரு காலையில், குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று நான் எட்டிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் வந்து தூக்கினார், ஆம்புலன்ஸ் வந்தது, மருத்துவமனையில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். நான் சொன்ன பிறகு அவர், "அப்பாகிட்ட போனைக் கொடு" என்றார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும், "அப்பாகிட்ட கொடும்மா" என்றார்.

மறுநாளே அனுமதி கிடைத்து அம்மா பாலத்தைக் கடந்தார். ஆனால் வந்தவர்கள் தனிமையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அவரைப் பாலத்தின் இந்தப் பக்கம் ஜேபி நகரில் ஒரு ஹோட்டல் அறையில் வைத்தார்கள். முன்பெல்லாம் அப்பாவின் வேன் அந்தச் சாலை வழியாகத்தான் தினமும் போகும். பெக்கோக் என்ற ஊரிலிருந்து போலீஸ் அனுமதியோடு வந்த மாமா, கல்லறைத் தோட்டத்தில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதிரியாரையும் சேர்த்து நாங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் கூட்டம். "அண்ணா, கொஞ்சம் கிட்ட காட்டு. முகத்தைக் காட்டு" என்று அம்மாவின் குரல் கேட்டது. மாமா கைப்பேசியைச் சவப்பெட்டிப் பக்கம் திருப்பினார். "மூடியாச்சா?" என்று கேட்டார் அம்மா. "மூடியாச்சு மேரி." அதற்குப் பிறகு மண் விழும் சத்தம் மட்டும்தான், அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும்.

அதே வாரத்தில் சனிக்கிழமை வந்தது. அம்மா இன்னும் அந்த அறையில்தான் இருந்தார். மாமா வெளியே போயிருந்த நேரம், மார்ட்டின் கைப்பேசியை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து அம்மாவைக் கூப்பிட்டு, "ராக்கெட் ஆரம்பிங்கம்மா" என்றான். வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்; அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். வீங்கிய கண்களோடு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் ஆரம்பித்தார். பூமி தெரிகிறது. இந்த முறை புள்ளியாக இல்லை, நீலமாக, பெரியதாக. கடைசி வாசல் மட்டும் மூடியிருக்கிறது. கேப்டன் என்ன செய்கிறார்? நான் ஏதோ சொல்லி உருட்டினேன். இயந்திர மனிதன் என்ன செய்கிறான்? மார்ட்டின் முகர்ந்து உருட்டினான். கதையின் வேகத்தில் அம்மாவின் குரல் பழையபடி ஏறியது.

"டேய் முத்து, உன் முறைடா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹோட்டல் அறையின் குளிர்சாதனம் இரைவது எங்களுக்குக் கேட்டது. மார்ட்டின் மெதுவாகப் பகடைகளை எடுத்து, அப்பா உட்காரும் இடத்துக்கு நகர்ந்து போய், அங்கிருந்து உருட்டினான். அவை ஓடி நின்றன. என்ன விழுந்தது என்று அம்மா கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. "அம்மாவுக்குத் தலைவலிக்குது கண்ணு" என்றார், திரை இருண்டது. அதோடு சரி, அந்தக் கப்பல் அந்த வாசலில்தான் நிற்கிறது.

அம்மா ஒருவழியாக வீட்டுக்கு வந்த அன்று மார்ட்டின் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் கதவோரம் நின்று, அவர் பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டான். கைப்பேசியில் தினமும் பார்த்த மகன் தன் தோளைத் தாண்டி வளர்ந்திருப்பதை அம்மா அப்போதுதான் அறிந்தார். அவன் தலையைத் தடவ எடுத்த கை பாதியில் நின்றது.

அவர் மறுபடி அந்தப் பக்கம் வேலைக்குப் போகவில்லை. தாமானில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். வேனை விற்றாயிற்று. சிறிய வீட்டுக்கு மாறியபோது, பெட்டியையும் புத்தகத்தையும் மாதா கோவிலில் பழைய சாமான் சேகரித்தவர்களிடம் அம்மா எங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று எனக்கும் தெரியவில்லை. மார்ட்டின் குளுவாங்கில் தொழிற்கல்லூரி விடுதியில் இருக்கிறான். வீட்டுக்கு வந்தால் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறான், ராக்கெட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஒரு முறை அம்மா என்னிடம், "கடைசியில அப்பா ரொம்ப மெலிஞ்சிருந்தாரா? போன்ல சரியா தெரியல" என்று கேட்டார். மெலியவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான், அவர் நம்பவில்லை.

இப்போது பாலம் கடந்து வேலைக்குப் போகிறவள் நான். மாலையில் திரும்பும்போது, பஸ் பாலத்தின்மேல் ஏறியதும் அம்மா கூப்பிடுவார். "எங்க இருக்க?" என்பார். "பாலத்து மேலமா" என்பேன். நெரிசலில் பஸ் ஊரும், ஜன்னலுக்கு வெளியே நீரிணை மங்கும். ஒரு பகடையைக் கையில் வைத்துக்கொண்டு பிற்பகல் முழுக்க ஓயாமல் பேசியவர், இப்போது அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். போனை வைக்கவும் மாட்டார். அவர் மூச்சுவிடுவது மட்டும் என் காதில் கேட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் இறங்கி, கடப்பிதழைக் காட்டி, சாலைக்கு வந்து, "வந்துட்டேன்மா" என்று நான் சொன்ன பிறகுதான் வைப்பார்.