ஏ பக்கம் முடிந்த இடம்: வால்டோர்ஃபிலிருந்து டுசல்டோர்ஃபுக்கு ஒரு கச்சேரிப் பயணம்

நவம்பரில் ஜெர்மனிக்குள் எங்கும் சுற்றுலா போகாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். நாலரை மணிக்கே இருட்டிவிடும். மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத தூறல் நாள் முழுக்க இருக்கும். இருந்தும் போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, வால்டோர்ஃபிலிருந்து டுசல்டோர்ஃபுக்குப் போனேன். பிரிந்துபோய்ப் பல வருடங்களான ஓர் ஆங்கில இசைக்குழு மறுபடி ஒன்றுசேர்ந்து, தன் முதல் ஆல்பத்தை வரிசை மாறாமல் முழுதாக மேடையில் வாசிக்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. தொண்ணூறுகளில் பிரிட்பாப் என்று பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்தார்களே, அந்த அலையில் வந்த குழு. பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ஆல்பம் கையில் கிடைத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. திருச்சியில் பொறியியல் கல்லூரி, பெண்கள் விடுதி, மாலை ஆறு மணிக்கு வெளிக்கதவுக்குப் பூட்டு. அறைத்தோழி ரெஜினா, தூத்துக்குடிக்காரி. அவள் அத்தான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சிடியை இரண்டு நாள் இரவல் வாங்கி, சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த ரெக்கார்டிங் கடையில் கொடுத்து அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வந்தாள். எங்களிடம் சிடி போட்டுக் கேட்க வசதி ஏது?

பாடிய பையன்கள் நாலு பேரும் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். மழை விடாத ஏதோ ஓர் ஆலை நகரம். கையில் காசில்லை, வேலையில்லை, ஆனால் குரலில் என்ன திமிர்! நாளைக்கே ஊரை விலைக்கு வாங்கப்போகிறவர்கள் மாதிரி பாடினார்கள். உச்சரிப்பு பாதிதான் புரிந்தது. அதுவே எங்களுக்குத் தாராளம். ஆறு மணிக்குப் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்த எங்களுக்கு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத ஒருவனின் குரல் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வாசிப்பில் தப்பும் தவறும் நிறைய. தாளம் முன்னால் ஓடும், பாடகன் மூச்சு வாங்கிக்கொண்டு துரத்துவான். இரண்டாவது ஆல்பத்தில் ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், எனக்கு அத்தோடு சலித்துவிட்டது.

கேசட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஒருவன் மழையில், பேருந்து நிறுத்தத்தில், ஒரு பெண்ணோடு நிற்கிறான். கடைசி பஸ் வருவதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும் என்கிறான். டக். நாடா தீர்ந்துவிட்டது. கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல் கேசட்டைத் திருப்பிப் போட்டு அடுத்த பாட்டைப் பதிந்திருந்தார். பி பக்கத்தில் மிஞ்சிய இடத்துக்கு இரண்டு சினிமாப் பாட்டு இலவசம்.

சிடி சிங்கப்பூருக்குத் திரும்பிப் போய்விட்டது. அவன் என்னதான் சொல்லியிருப்பான்? ரெஜினா தன் பாய்ம இயக்கவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பதினோரு முடிவுகள் எழுதி வைத்திருந்தாள். ஒரு நாள் இரண்டு பேரும் சத்தியம் செய்தோம்: மீதியைக் கேட்டால் நேரில்தான், அவர்கள் வாசிக்க, பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான். பதினெட்டு வயதில் இப்படியெல்லாம் சத்தியம் செய்வார்கள். ரெஜினா அதைக் காப்பாற்றவும் செய்தாள். ஆராய்ச்சிக்காக டுசல்டோர்ஃப் வந்து, பல்கலைக்கழகத்தில் வேலையும் கிடைத்து, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் போட்டபோது தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறாள்.

நான் காப்பாற்றவில்லை. வால்டோர்ஃபுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இணையத்தில் வேறு எதையோ தேடப்போய், அது கண்ணில் பட்டது. கேட்டுவிட்டேன். பிறகு நூறு தடவை கேட்டிருப்பேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

குழு பிரிவதற்கு முன் ஒருமுறை பிராங்பேர்ட்டுக்கு வந்தது. ரெஜினா டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டாள். அந்த வார இறுதியில் எனக்கு அலுவலகத்தில் கோ-லைவ், புது மென்பொருளை வாடிக்கையாளருக்கு இயக்கிவிடும் நாள், அடுத்த தடவை போகலாம் என்றேன். அடுத்த தடவை வருவதற்குள் குழு உடைந்தது. நாலு வருடம் முன்பு ரெஜினாவுக்கு இடது காது போயிற்று, பிறகு வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது உதடுகளைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். வலது உள்காதில் கருவி பொருத்த அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பேச்சு ஓரளவு கேட்க ஆரம்பிக்கும், ஆனால் மிச்சமிருக்கும் இயற்கையான செவித்திறன் போய்விடலாம், இசை பழைய மாதிரி இருக்காது என்றார் மருத்துவர். கச்சேரிக்காக அவள் அந்தத் தேதியைப் பத்து நாள் தள்ளிவைத்தாள். எங்களுக்கு இருந்தது இந்த ஒரு மாலைதான்.

இனி பயணம். வீஸ்லோக்-வால்டோர்ஃப் நிலையத்தில் 12.10க்கு எஸ்-பான் என்கிற உள்ளூர் ரயில். மன்ஹைமில் இறங்கி 13.36க்கு ஐசிஇ அதிவேக ரயில். ஆச்சரியம், சொன்ன நேரத்துக்கு வந்தது. டுசல்டோர்ஃப் 15.33. மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். ஆறு வாரம் முன்பே எடுத்ததால் ஒரு வழிக்கு 39.90 யூரோ. கச்சேரி டிக்கெட் 74 யூரோ.

ரெஜினா நடைமேடையிலேயே காத்திருந்தாள். நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில், என் முகத்தில் வெளிச்சம் விழும் மேசையாகப் பார்த்து உட்கார்ந்தாள். "தெரிஞ்ச பாட்டுன்னா ஓகேடி. பீட் கிடைச்சா போதும், மீதிய மூளை போட்டுக்கும். புதுசா எது கேட்டாலும் வெறும் நாய்ஸ்தான்" என்றாள். "அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஜீசஸ் கொஞ்சம் கருணை காட்டட்டும்."

5.45க்கு டாக்ஸி பிடித்தோம். ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்குபவர். தமிழ்க் குரல் கேட்டதும் குஷியாகிவிட்டார்.

"எங்கை போகோணும் தங்கச்சி?"

அரங்கத்தின் பெயரைச் சொல்லி, விஷயத்தையும் சொன்னேன்.

"இங்கிலீஸ் பாட்டுக்காரரைப் பாக்கவோ வால்டோர்ஃபிலை இருந்து வாறியள்? இந்த மழைக்கை என்னாலை ஏலாது." பிறகு ரெஜினாவிடம் ஏதோ கேட்டார். இருட்டில் அவள் பேசாமல் இருந்தாள். "அவவுக்கு என்ன, என்னோடை கோவமோ?"

"காது கேக்காதுண்ணே. அடுத்த வாரம் ஆப்பரேஷன்."

அடுத்த சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் உள்விளக்கைப் போட்டு, முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். "என்ரை பெறாமகனுக்கும், தம்பியின்ரை மகன், உந்தக் கரைச்சல்தான். வெளிச்சம் இருந்தால்தான் வாய் தெரியும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "வடிவாக் கேட்டுட்டு வாங்கோ, என்ன?"

"ஓம் அண்ணை" என்றாள் ரெஜினா, அவர் பேச்சிலேயே. அன்று அவள் சிரித்தது அப்போதுதான். ஆறு கிலோமீட்டர், இருபது நிமிடம், 19 யூரோ.

அரங்கக் கதவு 6.30க்குத் திறந்தது. குளிர் கோட்டைக் கொடுத்து எண் போட்ட வில்லை ஒன்று வாங்க வேண்டும், ஆளுக்கு 3 யூரோ. உள்ளே எங்கள் வயது வழுக்கைத் தலைகள், கையில் பியர். 8.15க்குக் குழு வந்தது. பாடகருக்குத் தொப்பை போட்டிருந்தது, உச்சத்தைத் தொட வேண்டிய இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். இருபத்திரண்டு வயதுத் திமிரை ஐம்பதுக்கு மேல் நடித்துக் காட்டுவதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

ரெஜினாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. பக்கவாட்டுக் கம்பியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு, முதல் ஐந்து பாட்டையும் ஒரு சொல் பிசகாமல் பாடினாள். அவளுக்குக் கேட்டது விடுதி அறைக் கேசட்டில் இருந்த அந்தப் பையன்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

ஆறாவது பாட்டு. பேருந்து நிறுத்தம், மழை. ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி பஸ் வருவதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நாடா தீர்ந்துபோன இடம் வந்தது, பாட்டு நிற்காமல் போயிற்று. அவள் உதடு நின்றுவிட்டது. கண்களை இடுக்கி, தலையை வலது பக்கம் சாய்த்து, கம்பியை இறுக்கிப் பிடித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை என்று முகமே சொன்னது. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். தனக்குக் கிடைக்காததை, முதல்முறையாகக் கேட்கிற என் முகத்திலாவது பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பியிருக்கிறாள். மேடையிலிருந்து வெள்ளை விளக்கு நேராக எங்கள் மேல் விழுந்தது.

நான் பாடிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய, ஒரு வரி விடாமல். அவள் என் கையை விட்டபோதுதான் எனக்கே அது தெரிந்தது.

மீதிக் கச்சேரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பத்து மணிக்கு முன்பே முடிந்தது. கோட் வாங்கும் வரிசையில், குழல்விளக்கு வெளிச்சத்தில், ரெஜினா எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"எப்ப கேட்ட?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"பிராங்பேர்ட் ஷோவுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவள் தலையை ஆட்டினாள். "அதான் உனக்கு அவசரமே இல்ல."

இத்தனை வருடமாக நான் அந்த கோ-லைவைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன பிறகு, எனக்கு அவசரம் இல்லாமல் போனதுதான் உண்மைக் காரணம் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் போலிருக்க, "மீதிய நான் சொல்றேன்டி, மெதுவா சொல்றேன், என் வாயப் பாரு" என்றேன். ரெஜினா கண்களை மூடிக்கொண்டாள். உதட்டைப் பார்த்துக் கேட்கிற ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு மேல் அவளிடம் எதையும் சொல்ல முடியாது. வரிசை நகரும்வரை அப்படியே நின்றாள்.

அன்று அவள் வீட்டில்தான் தங்கினேன். காலையில் தோசை வார்த்தாள், சட்னி போதுமா என்று கேட்டாள், நிலையம்வரை வந்து வழியனுப்பினாள். மன்ஹைம் வரும்வரை மழை.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஐந்து வாரம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். முதல் வாரத்தில் என் பேச்சு வாத்து கத்துவது போலக் கேட்பதாகச் சொன்னாள். இசைக்கு இன்னும் மாதங்கள் ஆகலாமாம், ஒருவேளை வராமலும் போகலாமாம். போன வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: "இன்னைக்கு அந்தப் பாட்டைப் போட்டுப் பாத்தேன். மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு. டேப் நின்ன இடத்துல நிறுத்திட்டேன்." இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டதற்கு வந்த பதில்: "எழுது. முடிவை மட்டும் எழுதாத."

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயில் டிக்கெட்டை ஆறு வாரம் முன்பே எடுங்கள். அரங்கத்துக்குப் பெரிய பை கொண்டுபோகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். காதடைப்பான் கண்டிப்பாக வாங்குங்கள், 2 யூரோதான், வாசலிலேயே விற்கிறார்கள், சின்ன வயசுக்காரர்களும் வாங்குங்கள். உங்களுக்குப் பிடித்தவர்கள் உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் அந்தத் தடவையே போய்விடுங்கள்.

உங்களில் சிலருக்கு இது எந்தக் குழு, எந்தப் பாட்டு என்று இந்நேரம் பொறிதட்டியிருக்கும். பின்னூட்டத்தில் பெயரைப் போடாதீர்கள். பேருந்து நிறுத்தத்தில் அவன் அவளிடம் என்ன சொன்னான் என்றும் தயவுசெய்து எழுதாதீர்கள். ரெஜினா இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள்.