புல்லில் உருண்ட நேர்த்தி

ஆகஸ்ட் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கத்தால் வழிந்தது. கண்ணாடியில் என் முகத்தின் இடது பாதி தொங்கிக் கிடந்தது. ஹில்ஸ்பரோவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து மனைவி வசந்தி என்னைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பக்கவாதம் இல்லை, முக நரம்பு வீங்கியிருக்கிறது, குறையும் என்று மாத்திரை தந்து அனுப்பினார்கள்.

முகம் மெல்ல நேரானது. உடம்பு நேராகவில்லை. வலது முழங்கால் வீங்கியது. மதியத்துக்குமேல் நிற்க முடியாத களைப்பு. நான் கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பவன். ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் மனதில் நிற்கவில்லை. மோட்டர்வேயில் கார் ஓட்டப் பயம். அக்டோபரில் நீண்ட விடுப்பு எடுத்தேன். அந்த மேசைக்கு இனித் திரும்புவேனா என்று தெரியவில்லை.

எங்கள் குடும்ப வைத்தியர் பொறுமையானவர். ஜூலையில் கனடாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போய் வந்ததைச் சொன்னதும், காட்டுக்குள் நடந்தீர்களா, கூடாரம் போட்டீர்களா, உண்ணி கடித்ததா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். கேட்டதற்குச் சரியான பதில்தான்.

கந்தசஷ்டி வந்தது. விரதம் பிடித்தேன். "முருகா, வருத்தத்தை மாற்றித் தா என்று கேட்கேல்லை. இது என்னெண்டு காட்டு." வேறெதுவும் வேண்டவில்லை.

சூரசம்ஹாரத்தன்று கால் மடிக்க முடியாமல் கோயிலில் கதிரையில் இருந்தேன். ஃபிஜியிலிருந்து வந்த அடியார் ஒருவர், சந்தனம் பூசிய வெறும் மேலோடு, கம்பளத்தில் அங்கப்பிரதட்சணம் செய்துகொண்டு என்னைக் கடந்தார். அவருடைய முதுகைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது. கனடாவில் நானும் உருண்டேன். மகளுக்கு வேலை கிடைத்ததற்கான நேர்த்திக்கடன். கோயிலுக்குள்ளே சனம் நெருக்கம் என்று, மரங்களை ஒட்டிய வெளிவீதிப் புல்லில் உருண்டேன். சில நாளில் முதுகில் வட்டமாகச் சிவந்தது. புல் அரித்தது என்று வசந்தி சந்தனம் தடவினாள். கோயிலுக்குப் போனதை நான் காட்டோடு சேர்த்து நினைக்கவேயில்லை.

இதைச் சொன்னதும் வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தம் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போனது. ஒரு சோதனை, உண்ணிக்கடியால் வரும், எங்கள் நாட்டில் இல்லாத லைம் நோயாக இருக்கலாம் என்றது. மற்றது தீர்மானமில்லை என்றது. நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் நீங்கள் சொன்னதை வைத்து மருந்து தருகிறேன் என்று ஒரு மாதத்துக்கு எழுதினார். மாத்திரையோடு பால் கூடாது, இங்கே ஆண்டுக் கடைசியில் வரும் கோடை வெயில் படக் கூடாது. ஒரே வீட்டில் புழங்குவதால் மற்றவருக்குத் தொற்றாது என்றும் சொன்னார். அதுவரை புறம்பாக வைத்திருந்த என் சாப்பாட்டுக் கோப்பையை வசந்தி அன்றே மற்றவற்றோடு சேர்த்துக் கழுவினாள்.

எனக்கோ மனம் கசந்தது. "நேர்த்தி செய்யப்போய்த்தானே இந்த வருத்தம் வந்தது?" என்றேன்.

"வருத்தத்தைப் புல்லுத் தந்ததப்பா. முருகன் அதைக் காட்டித் தந்தவர்," என்றாள்.

மருந்து முடிந்தும் களைப்பு போகவில்லை. மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்று இணையத்தில் பலர் எழுதியிருந்தார்கள். நீட்டினால் நன்மை என்பதற்கு ஆதாரமில்லை, பொறுங்கள் என்றார் வைத்தியர். கும்பிட்டுக்கொண்டு பொறுத்தேன். பெப்ரவரி கடைசியில் நானே மோட்டர்வேயில் ஓட்டிப் போய் என் மேசையில் இருந்தேன். வரைபடத்துக் கோடு மனதில் நின்றது. கண் கலங்கிவிட்டது.

முழங்கால் குளிர் நாட்களில் இன்னும் இறுகும். நோயை மாற்றியது மருந்தா காலமா என்று வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றுக்கும் முடிவான பதில் கேட்டு வாழ்ந்தவன் நான். இப்போது பதில் கிடைக்காத காலையிலும் விளக்கேற்றிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு நன்றிக்கடனாக உருள வேண்டும் என்றேன்.

"ஓம், உருளுங்கோ. கம்பளத்திலை மட்டும்," என்றாள் வசந்தி.

நோய் வருத்தத்தோடு இதை வாசிப்பவர்களே, நீங்களும் முருகனிடம் கேளுங்கள். கட்டாயம் காட்டுவான். காட்டியதை உங்கள் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கோயிலில் உருண்டதையும் சேர்த்து.