தெல்மாவின் நாலு கிலோ

தெல்மா அபங்கானுக்கு வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அலுவலகச் சீருடைக்கு அளவெடுத்த தையற்காரி சொல்லித்தான் அவளுக்கே அது தெரியும். பதினோரு வருடமாக அந்தத் தோளில்தான் மடிக்கணினிப் பை தொங்கியது. வீடு இருந்த மான்டல்பானிலிருந்து அலுவலகம் இருந்த ஓர்த்திகாஸுக்கு முதலில் ஜீப்னி என்னும் நீள ஜீப், பிறகு வேன், கடைசியில் நடை. போக இரண்டு மணி நேரம். திரும்பி வர எவ்வளவு நேரம் என்பது மழையின் கையில் இருந்தது.

இன்னும் கட்டாத அடுக்குமாடிகளுக்குப் படம் செய்து தரும் சின்ன அலுவலகம் அது. மொத்தம் ஒன்பது பேர். வெறும் தரையாகக் கிடக்கும் இடத்தில் நாற்பது மாடியை எழுப்பி, நீச்சல்குளத்தில் சாயங்கால வெயில் விழுவதுவரை கணினியில் காட்ட வேண்டும். படத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் வீடு வாங்குவார்கள். எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, ஒளியும் நிழலும் சேர்ந்து படமாகி வரும்வரை காத்திருப்பதை அலுவலகத்தில் ‘வேகவைப்பது’ என்பார்கள். நாற்பத்தாறு வயது தெல்மாதான் அங்கே கைதேர்ந்தவள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வாடிக்கையாளர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுடைய பழைய மடிக்கணினி கறுத்து அணைந்தது. பிறகு விழிக்கவேயில்லை.

அடுத்த திங்களன்று முதலாளி இரண்டு பெட்டிகளை அவள் மேசையில் வைத்தார். அவரை எல்லோரும் சார் ஜோஜோ என்பார்கள்.

“தெல்மா, கடைக்காரன் ரெண்டையும் பாக்கக் குடுத்திருக்கான். ஒண்ணு லேசு, ஒண்ணு பலம். ரெண்டும் ஒரே விலைதான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு சொல்லு. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

முதலில் லேசானதை எடுத்துக்கொண்டாள். பள்ளி நோட்டு போல மெலிசு. அன்று சாயங்காலம் ஜீப்னியில் மூன்று முறை பையைத் தொட்டுப் பார்த்தாள். எங்கோ வைத்துவிட்டு வந்துவிட்டோம் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றியது. இரவு படுக்கும்போது தோள் வலிக்காதது அவளுக்குப் புதிதாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாற்பது மாடியை அதில் வேகவைத்தாள். மதியச் சோற்றுக்கு எழுந்தபோது கால்வாசிகூட ஆகவில்லை. மூன்று மணிக்கு அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுட்டது. திரை அப்படியே உறைந்து நின்றது.

கணக்குப் பார்க்கும் மைலின் எட்டிப் பார்த்தாள். தன்னைவிட மூத்தவள் என்பதால் தெல்மாவை, அக்கா என்ற பொருளில், ‘ஆத்தே’ என்றுதான் கூப்பிடுவாள்.

“ஆத்தே, அது மேல ஒரு முட்டை உடைச்சு ஊத்தட்டுமா? படம் வேகாட்டியும் முட்டையாவது வேகும்.”

“ஊத்து. ரெண்டா ஊத்து. நான் இன்னும் சாயங்காலத்துக்கு ஒண்ணும் திங்கல.”

புதன்கிழமை பலமானதைத் திறந்தாள். கறுப்பு. மின்னேற்றியே செங்கல் கனம். அதுவும் கணினியும் சேர்ந்து நாலு கிலோ வரும். அதே நாற்பது மாடி பதினேழு நிமிடத்தில் வெந்து வந்தது. வியாழன் முழுக்கச் செய்ய வேண்டியதைப் புதன் மதியத்துக்குள் முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மழை. மேம்பாலத்துக்குக் கீழே வேனுக்கான வரிசை வளைந்து வளைந்து நின்றது. திருடர்களுக்குப் பயந்து பையை மார்பில் கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றாள். வீட்டில் சோறு போடக் கரண்டியை எடுத்தபோது விரல்கள் மூடவில்லை. கரண்டி சட்டியிலேயே விழுந்தது.

அவள் கணவன் அர்னெல் பையை வாங்கி ஓரமாக வைத்தான். ஜித்தாவில் பதினாலு வருடம் பாரந்தூக்கி ஓட்டிவிட்டு, முட்டி தேய்ந்து திரும்பியவன். இப்போது ஜன்னலோரம் சின்னக் கடை போட்டிருக்கிறான்.

“என்ன மா இது? ஆபீஸ் சுவத்தப் பேத்து எடுத்துட்டு வந்துட்டியா?”

“சிரிப்பு வரல, பா.”

“சரி, சிரிக்காத. எதை எடுக்கப் போற?”

“லேசை எடுத்தா வேலை ஓடாது. பலத்தை எடுத்தா தோள் போயிரும். நீயே சொல்லேன்.”

“வேலை எங்க பாக்குற?”

“ஆபீஸ்ல.”

“அப்ப வீட்டுக்கு எதுக்குத் தூக்கிட்டு வர?”

“எதுக்குன்னா? சனிக்கிழமை கூப்பிடுவாங்கல்ல.”

“கூப்பிடுவாங்கன்னு எந்தக் காகிதத்துல எழுதியிருக்கு?”

எதிலும் எழுதியிருக்கவில்லை. சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, அவசரம் என்று ஒரு படத்தைத் திருத்திக் கொடுத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாரமும் தப்பவில்லை. மகளின் பள்ளிப் பட்டமளிப்பன்று, கழிவறைக்கு வெளியே மடிக்கணினியைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, யாரோ ஒருவருடைய சமையலறைக் கல்லின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். மண்டபத்துக்குள்ளே மகளின் பெயரை வாசித்தது அவளுக்குக் கேட்டது. போய்ச் சேர்வதற்குள் கைதட்டல் முடிந்துவிட்டது.

அவள் சாப்பிட்டு எழுந்தாள். யோசிக்கக்கூட அன்று தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை சார் ஜோஜோவின் முன்னால் நின்றாள்.

“பலமானதே இருக்கட்டும், சார்.”

“எனக்குத் தெரியும். வேலைன்னா நீதான்.”

“இது இங்கயே மேசைல இருக்கும், சார். நான் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“லேப்டாப் வாங்குறதே தூக்கிட்டுப் போறதுக்குத்தான், தெல்மா.”

“தூக்கலாம், சார். என்னால முடியல. தோள் போச்சு.”

“அப்ப லேசானதை எடு.”

“அதுல ஒரு படம் வேக ஒரு நாள் ஆகும். வாடிக்கையாளருங்ககிட்ட நீங்க பேசிக்குறீங்களா?”

அவர் லேசானதைத் திரும்ப அதன் பெட்டியில் வைத்து மூடினார். மைலின் தன் மேசையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்குத் தெல்மா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மழைக்கோட்டு போட்ட ஆள், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கறுப்புப் பெட்டியை நீட்டினான்.

“தெல்மா மேம்? ஓர்த்திகாஸ்ல இருந்து. ரொம்ப அவசரமாம். யப்பா, உள்ள என்ன மேம், அரிசியா?”

அர்னெல் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். தெல்மாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. வந்தவன் சொட்டச் சொட்ட நின்றான். உள்ளே கூப்பிட்டு காபி கலந்து கொடுத்தாள். அவன் போனதும் பெட்டியைத் திறந்து, கேட்ட வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்து அனுப்பினாள். மூடியை மூடி, அலமாரிமேல் வைத்தாள்.

திங்களன்று குடையும் சோற்று டப்பாவும் மட்டும் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனாள்.

“மெஷின் எங்க?” என்றார் சார் ஜோஜோ.

“வீட்ல பத்திரமா இருக்கு, சார். ஆள் அனுப்பிக் குடுத்தீங்க, ஆள் அனுப்பியே எடுத்துக்குங்க.”

குரலை அவள் உயர்த்தவில்லை. ஆனால் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் மேசை இழுப்பறையில் தன் பொருள்களை ஒதுக்கி வைத்தாள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள். மதியம்வரை யாரும் அவளிடம் பேசவில்லை. பன்னிரண்டரைக்கு அதே மோட்டார் சைக்கிள்காரன் பெட்டியோடு படியேறி வந்தான். “மேம், இன்னிக்கும் அரிசிதான்” என்றான்.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் பெட்டி வந்தது. மூன்று திங்கட்கிழமையும் திரும்பிப் போனது. நான்காவது வாரம் மழையில் நனைந்து ஒரு பக்க ஸ்பீக்கர் கெட்டுப்போனது. மின்னேற்றியும் வேலை செய்ய மறுத்தது. வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருக்க, சார் ஜோஜோ அரை நாள் வேறு மின்னேற்றி தேடி அலைந்தார். அதற்குப் பிறகு பெட்டி மேசையை விட்டு நகரவில்லை. சனிக்கிழமை அழைப்பு வருடத்துக்கு இரண்டோ மூன்றோ என்று ஆனது. அப்போது அவளே அலுவலகம் வந்து செய்து கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல முடியாது. டிசம்பரில் குழுவுக்குத் தலைவராக வேறொருவரைப் போட்டார்கள். ‘தெல்மாவுக்கு முந்தி இருந்த ஆர்வம் இல்லை’ என்று சார் ஜோஜோ சொன்னதாக மைலின் வந்து சொன்னாள்.

“உனக்கு வருத்தமா இல்லையா, ஆத்தே?”

“இருக்கு. போயிட்டு நாளைக்கு வந்து வருத்தப்படறேன். வேனுக்கு நேரமாச்சு.”

தோள் பழையபடி ஏறவில்லை. ஏறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மழை நாளில் இன்னமும் குடைகிறது.

பெட்டியும் அழைப்பும் வராத அந்த முதல் சனிக்கிழமையன்று அவள் காலை ஆறு மணிக்கே விழித்து, எதையோ செய்யாமல் விட்டுவிட்டதுபோல வீட்டுக்குள் நடந்தாள். தரையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அர்னெல் பச்சைப்பயறும் முருங்கைக்கீரையும் போட்டுக் கொதிக்க வைத்து, கருவாடு பொரித்து அவளை உட்கார வைத்தான். சாப்பிட்டு முடித்த கையோடு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். கடைக்கு வந்த பிள்ளைகள் சத்தம் போட்டபோது, அர்னெல் உதட்டில் விரல் வைத்துக் காட்டி, கேட்ட மிட்டாயை ஓசையில்லாமல் எடுத்துக் கொடுத்தான்.