நான் சொன்ன அர்த்தம்

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களின் வரிசைவீடான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் வளர்ந்தவர்கள் நானும் அவனும். சொந்தக்காரர்கள் இல்லை, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பான், எனக்குக் கீபோர்டு. கல்யாணம், சடங்கு, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம்.

கடைசியில் ஓர் இங்கிலீஷ் பாட்டு கட்டாயம் உண்டு. மீசைகூடச் சரியாக முளைக்காத நாலு வெள்ளைக்காரப் பையன்கள், இங்கிலாந்தில் பேண்டு தொடங்கிய புதிதில் பாடியது. பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானா மெமரி சிப்பில் ஏற்றித் தந்த பாட்டுகளோடு அதுவும் வந்து சேர்ந்தது. அதைப் போட்டால் ஆடாத கால் இல்லை. வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக் கொடுத்தவன் நான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும், அந்தத் திமிர் வேறு.

அவன் மனைவிக்குக் குவைத்தில் வீட்டு வேலை சரிவந்தது. அரசாங்கம் கட்டித் தருவதாகச் சொன்ன வீட்டின் அத்திவாரத்தில் புல் முளைத்துக் கிடக்க, அவள்தான் போகிறேன் என்றாள். அவனுக்கு அனுப்ப மனசே இல்லை. அதை வாய் திறந்து சொல்லத் தைரியமும் இல்லை. வெளிநாடு போகிறவர்களுக்கு லயத்தில் செய்கிறபடி, புறப்படும் நாளன்று சாமி கும்பிட்டுக் கோழிக்கறியோடு எல்லாருக்கும் சோறு போட்டார்கள். ஸ்பீக்கரும் கட்டினோம்.

அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“மச்சான், அந்தப் பாட்டுக்கு என்னடா அர்த்தம்? இன்னைக்குப் பாடலாமா?”

அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். போகாதே, உன்னை விட்டால் எனக்கு யாருமில்லை என்று ஒருத்தன் பெண்டாட்டியிடம் கெஞ்சுகிறான். அதைச் சொன்னால் இவன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவான், கச்சேரி படுத்துவிடும் என்று நினைத்தேன்.

“சந்தோசமா போயிட்டு வான்னு அர்த்தம்டா. பாடு” என்றேன். பாவி நான்.

பாடினான். லயமே ஆடியது. அவளும் பையைத் தோளில் போட்டபடி கை தட்டினாள். மூன்று மணி பஸ்ஸில் போனாள். ஒப்பந்தப்படி இரண்டு வருஷம் முடிந்தும் வரவில்லை, இன்னும் இரண்டு வருஷம் இருக்கப்போவதாகச் சொன்னாள். பிறகு அவள் நம்பர் வேலை செய்யவில்லை. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரனும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான்.

போன மாதம் ஒரு கல்யாணக் கச்சேரிக்காக ஹாலிஎலவுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். என் போனில் அதே பாட்டு வேறொரு குரலில் வந்தது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பாடகர் முதலில் பாடியதாம். அந்த வெள்ளைக்காரப் பையன்கள் அதை எடுத்து வேகமாக்கியிருக்கிறார்கள். இது எனக்கே அன்றுதான் தெரியும். ஒற்றைக் கிட்டார், அழுகிற குரல், அவ்வளவு மெதுவாக. சும்மா இருக்க முடியாமல் இயர்போனில் ஒன்றை அவன் காதில் செருகினேன்.

பாதியிலேயே கழற்றிவிட்டான்.

“இது சந்தோசப் பாட்டாடா?”

இனி என்னத்தை மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பான் என்று பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்த்தபடியே சொன்னான்.

“பஸ் ஏறுறப்ப அவ கேட்டா மச்சான். ‘நீங்க பாடுனதுக்கு என்னங்க அர்த்தம்?’னு. நீ சொன்னதத்தான் சொன்னேன். ‘அப்ப நான் போறதுல ஒங்களுக்குச் சந்தோசந்தானா?’ன்னா. ஆமான்னுட்டேன்.”