மோகன்ராம் அண்ணன் வாரா வாரம் சொன்ன தப்பு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி இருக்கும். ஆனையூரில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஓர் அம்மாவுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாஸ் மூன்று முறை அழைத்தான். இரண்டு முறை துண்டித்தேன். மூன்றாவது முறை எடுத்ததும், "பாண்டி, அண்ணே போயிட்டாருடி" என்றான். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த அம்மாவின் கண்முன் அடுத்த லென்ஸைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தேன் இருக்கு தாயி" என்றார். பவரை எழுதி, ஃபிரேம் காட்டி, வாசல்வரை வந்து அனுப்பிய பிறகுதான் அழுதேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதீர்கள். மூன்று மாதமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். வந்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த வேலையைச் செய்தேன்.

மதுரையில் போனில் நால்வர் அணியாகச் சுடும் ஆட்டம் ஆடுகிற உங்களில் பலருக்கு மோகன்ராமைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பத்து நான்கு வயது. கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வீட்டில் அம்மாவோடும் மனைவி சுகன்யாவோடும் சௌராஷ்டிர மொழியில் பேசுவார். ஆட்டத்தில் கோபம் தலைக்கேறினால் எங்களையும் அதிலேயே திட்டுவார். ஒரு சொல்லும் புரியாததால் எங்களால் வருத்தப்படவும் முடியாது. அவர்தான் எங்கள் அணியின் கேப்டன். மற்ற மூவர், லோடு வண்டி ஓட்டும் அப்பாஸ், செல்போன் கடை வைத்திருக்கும் வினோத், பிறகு நான். குறி பார்த்துச் சுடுவதில் எங்கள் நால்வரில் அவர்தான் கடைசி. இதை அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன், அதனால் இப்போதும் தைரியமாகச் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் சமயநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். என் சொந்த ஊர் என்பதால் கெத்தாகப் போய், முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வந்தேன். வாசலில் ஒருவர் பொட்டலம் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் காலையிலேயே தோற்றவர்தான். என்ன ஆச்சு என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்தேன்.

"நெட்டு போச்சுண்ணே. போனு சூடாயிருச்சு. இந்த அப்பாஸுப் பய சொன்ன எடத்துல நிக்கல. எதுத்து ஆடுனவங்ஙெ கள்ளாட்டம்."

"சரி. இதுல நாளைக்கி நீ மாத்தக்கூடியது எது?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல."

"அப்ப நாளைக்கும் தோக்கத்தான் செய்வ. தயிர்சாதம் சாப்புடுறியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாதத்தை மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு வாரம் கழித்து நானே அழைத்து, "ஒங்க டீமுல எடம் இருக்கா?" என்று கேட்டேன். "டீமே இல்ல, நீ வந்தாத்தேன் டீமு" என்றார். அப்பாஸையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் அணி ஏன் காலியாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குமுன் இரண்டு அணிகள் அவர் வாயாலேயே உடைந்திருந்தன. ஒருமுறை தோற்ற ஆத்திரத்தில் போனைச் சுவரில் வீசியிருக்கிறார். சுகன்யா அக்கா அந்த உடைந்த போனை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார், இவர் தினமும் பார்க்கட்டும் என்று. அதன் பிறகு அவர் போட்டதுதான் எங்கள் விதி. ஆட்டம் முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தான் செய்த ஒரு தப்பை ஒரே வரியில் சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. அடுத்தவர் தப்பை யாரும் எடுக்கக் கூடாது. ஒருவர் சொன்ன தப்பைப் பற்றி இன்னொருவர் வாயைத் திறக்கக் கூடாது, ஆறுதல் சொல்வதற்குக்கூட.

"ஆறுதல் சொன்னா என்னண்ணே, கொறஞ்சா போயிருவம்?" என்று வினோத் கேட்டான்.

"ஆறுதல் சொன்னா அந்தத் தப்பு அங்கயே முடிஞ்சிரும் மாப்ள. அவென் அத வீட்டுக்குக் கொண்டுபோகணும்."

மைண்ட்செட், மைண்ட்செட் என்று வீடியோக்களில் எல்லோரும் கத்துகிறார்கள். அந்த வார்த்தையை அண்ணன் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் செய்ததெல்லாம் இந்தக் கவிழ்த்து வைத்த போன்தான். முதல் மாதம் எனக்கு நரகமாக இருந்தது. என் தப்பைச் சொல்ல வாய் வராமல், "நான் ரொம்ப நல்லா ஆடுனதுதான் தப்பு, மத்தவங்களுக்குப் பொறாமை" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதே. அந்த அமைதியில்தான் எனக்கு வெட்கம் வந்தது.

ஜெயித்தாலும் விதி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் வீட்டு மாடியில், எங்களைவிடப் பெரிய அணியை அடித்து நொறுக்கினோம். அப்பாஸ் குதித்துக்கொண்டு பிரியாணி வாங்கக் கிளம்பினான். "ஒக்காரு மாப்ள. தப்பச் சொல்லிட்டுப் போ" என்றார். "இன்னைக்கி என்னண்ணே தப்பு?" என்று அவன் சிணுங்கினான். "ஜெயிச்ச அன்னைக்கித்தேன் தப்பு நல்லா ஒளிஞ்சுக்கிரும்" என்றார். அன்றைக்குப் பிரியாணி ஆறித்தான் கிடைத்தது.

போன வருடம் என் ராங்க் மளமளவென்று சரிந்தது. இரண்டு வருடம் ஏறியது மூன்று வாரத்தில் போனது. ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "ராங்கு ஒன் கையில இல்ல. இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு மட்டும் பாரு. சத்தம் கேட்டதும் ஓடாத. ரெண்டு நொடி நில்லு. அம்புட்டுத்தான்" என்றார். தோற்றால்கூட நின்றாயா என்று மட்டும் கேட்பார். நின்றேன் என்றால் அவருக்கு அது வெற்றி. அப்படித்தான் நான் மீண்டேன். தன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் யாரும் காட்டித்தரவில்லை.

இனி சொல்லப் போவதைத்தான் நான் சொல்லாமல் இருக்க நினைத்தேன். ஆனால் அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

இந்த வருடம் சித்திரை முடிந்த சமயம். ஒரு ஆட்டம் முடிந்து அண்ணன் சொன்னார்: "இடது பக்கத்துல இருந்து வந்தவன நான் பாக்கல." சரி என்று போனோம். அடுத்த வாரமும் அதே வரி. அதற்கடுத்த வாரமும். ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் சொல்கிற ஆள் இல்லை அவர். ஒரு தப்பை எடுத்தால் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். எங்கள் மூவருக்கும் இது தெரியும். மூவரும் கேட்டோம். மூவரும் வாயைத் திறக்கவில்லை, விதி அப்படி.

வாயைத் திறக்காத நாங்கள் வேறொன்று செய்தோம். ஆட்டத்தில் நான் அவருடைய இடது பக்கம் போய் நிற்க ஆரம்பித்தேன். அவர் எங்கே திரும்பினாலும் இடது பக்கம் என்னுடையது. அப்பாஸ் பின்னால் வந்தான். அண்ணனுக்கு முன்னும் வலதும் மட்டும் போதும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாங்கள் அதற்குமுன் அவ்வளவு நன்றாக ஆடியதே இல்லை. மாவட்டப் போட்டியில் ஜெயித்தோம். மேடையில் கோப்பையை நீட்டியவரின் கை அண்ணனுக்கு இடது பக்கம் இருந்தது. அண்ணன் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான்தான் குறுக்கே கைநீட்டி வாங்கினேன். அவசரக்குடுக்கை என்று வினோத் என்னைக் கேலி செய்தான்.

ஜெயித்த மறுவாரம் அவரே கடைக்கு வந்தார். "கண்ணாடி மாத்தணும் போல பாண்டி, இடது கண்ணு சொகமில்ல" என்றார். உட்கார வைத்தேன். ஒரு கண்ணை மறைத்து எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரிவரைக்கும் வாசித்தார். இரண்டு வரியில் முதல் எழுத்தை விட்டுவிட்டார்.

"அண்ணே, மொதல் எழுத்த முழுங்கிட்டீங்க."

முகத்தைத் திருப்பிப் பார்த்து, "அட, ஆமா. என் தப்பு" என்று சிரித்தார்.

மறு கண்ணிலும் அப்படியே. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்து எழுத்து போகிறதென்றால் கோளாறு கண்ணில் இல்லை, அதற்கும் பின்னால் இருக்கிறது. இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. நான் கடையில் நின்று வேலை கற்றுக்கொண்டவள். பவர் பார்க்கத் தெரியும், நோய் பார்க்கத் தெரியாது. "பவர் அதேதாண்ணே. பழச மாத்த வேணாம். போன கொஞ்சம் கொறைங்க" என்று சொல்லி அனுப்பினேன். காசு வாங்கவில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

ஆவணியில் கம்பெனியில் மயங்கி விழுந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில், வலது பக்கம் பின்னால், கட்டி. முற்றிவிட்டது, இனி சில மாதம்தான் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுகன்யா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டியில இடது பக்கக் கண்ணாடி ரெண்டு தடவ ஒடஞ்சுச்சு பாண்டி. சந்துல ஓட்டுறாருல்லன்னு விட்டுட்டேன்" என்றார். நான் என் கதையைச் சொல்லவில்லை. அவர் கையில் என் கை இருக்கும்போது சொல்ல முடியவில்லை. டாக்டரை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்டேன், மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. அவர் நல்லவர், அவசரப்படாமல் யோசித்தார். "இருக்கலாம்மா. இல்லாமலும் போகலாம். இந்தக் கட்டியில சொல்ல முடியாது" என்றார். பிழைத்திருப்பார் என்றோ மாட்டார் என்றோ சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் பார்க்கப் போனேன். மொட்டைத் தலையுடன் சுவரில் சாய்ந்திருந்தார். அவருக்கு என்னைத் தெரியவேண்டும் என்று வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, நீங்க ரெண்டு கண்ணுலயும் எழுத்த விட்டீங்க. நான் பாத்தும் பாக்காம அனுப்புனேன்."

விதிப்படி அவர் சும்மா இருந்திருக்க வேண்டும். நான்கு வருடத்தில் முதல்முறையாக விதியை மீறினார். "அது ஒன் தப்பு இல்ல பாண்டி."

எனக்கு வந்தது கோபம்தான். "எப்புடிண்ணே இல்ல? ஒங்க விதிதான? ஆறுதல் சொல்லக் கூடாதுல்ல?"

"ஆறுதல் இல்ல. வாரா வாரம் நாந்தேன் வாயால சொன்னேன். ஒங்களுக்குச் சொன்னேன், நான் கேக்கல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "விதி போட்டவென் நானு. நீ என்ன செய்வ?"

நான் என்ன செய்வேன் என்பதுதான் அன்றிலிருந்து என் கேள்வியும். தப்பு என்னுடையது என்றால் நாளைக்கு மாற்றிக்கொள்ள ஏதாவது இருக்கும். என்னுடையது இல்லை என்றால் அதுவும் இல்லை. அவர் எனக்குச் சொன்னதெல்லாம் அடுத்த ஆட்டம் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னது. இது அப்படிப்பட்ட தப்பு இல்லை. கடைக்கு வருகிறவர்கள் முதல் எழுத்தை விட்டால் இப்போதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்கிறேன். மூன்று பேரை அனுப்பினேன். மூவருக்கும் ஒன்றுமில்லை. அதில் ஒருவர், தனக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது என்று முதலாளியிடம் வந்து சத்தம் போட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். அவர்கள் யாரும் மோகன்ராம் அண்ணன் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூவரும் அவர் இல்லாமல் ஒரு ஆட்டம் ஆடினோம். ஆட வேண்டும் என்று சுகன்யா அக்காதான் சொன்னார். நாலாவது ஆளைச் சேர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. போன்களைக் கவிழ்த்தோம். வினோத் தன் தப்பைச் சொன்னான். அப்பாஸ் சொன்னான். என் முறை வந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. நன்றாகத்தானே நின்றேன், ஏன் செத்தேன் என்று நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

"நான் சொல்லட்டுமா?" என்று அப்பாஸ் கேட்டான். இனிமேல் அடுத்தவர் தப்பையும் சொல்லிக்கொள்வது என்று அன்று காலையில்தான் முடிவு செய்திருந்தோம்.

"சொல்லு."

"பூரா ஆட்டமும் நீ யாருக்கோ எடம் விட்டு நின்ன பாண்டி. ஒன் வலது பக்கம் ஆளே இல்ல. இடது பக்கத்தையே பாத்துக்கிட்டிருந்த."

மோகன்ராம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இது தப்பு என்று எனக்குத் தெரியும். திருத்திக்கொள்ளும் வழியையும் அவரே சொல்லித் தந்திருக்கிறார். திருத்த என்னால் முடியவில்லை.